பெடல் கீழே போனதா, கல்லாக நின்றதா: ஒரு ஹேட்ச்பேக், மூன்று டிராக் நாட்கள்

அக்கா மகன் காட்பாடியில் இருக்கிறான். ஆயிரம் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையில் ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறான். முன்னால் நடுவே காற்று போகும் இரட்டைத் தட்டு டிஸ்க், பின்னால் டிரம். வாங்கி நான்கு வருடம். வேலைக்கும் வீட்டுக்கும், எப்போதாவது ஏலகிரிக்கும் போய் வந்துகொண்டிருந்த கார்தான். இருங்காட்டுக்கோட்டையில் காசு கட்டினால் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. மூன்று முறை போனோம், மூன்று முறையும் முன் சக்கரத்தில் வேறு வேறு பேட், அதாவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அமுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டை. முதல் இரண்டு முறையும் பிரேக் கைவிட்டது. ஆனால் அவை இரண்டும் ஒரே கோளாறு இல்லை. இது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. சத்துவாச்சாரி ஷெட்டில் இருக்கும் மெக்கானிக் பாய்க்கு ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

கார் எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. தப்பு காரில் இல்லை, எங்களிடம்.

முதல் முறை

வேலூரிலிருந்து டிராக் சுமார் 100 கிலோமீட்டர். விடிவதற்கு முன் பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிளில் நெடுஞ்சாலையைப் பிடித்தால் வாலாஜா டோல்கேட், காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் என்று ஒரே ரோடு. 1990ல் திறந்த டிராக். நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. இவன் கார் ஒரு சுற்று வர இரண்டே கால் நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஐந்தாவது சுற்றில் வேகம் குறைந்தது. டிராக் ஓரம் காரை நிறுத்தும் பிட்டுக்குள் வந்தபோது முன் சக்கரங்களிலிருந்து லேசாகப் புகை, கருகிய கிளட்ச் மாதிரி நாற்றம். "மாமா, மிதிக்கிறேன், பெடல் கெட்டியா நிக்குது, வண்டிதான் நிக்கமாட்டேங்குது" என்றான். இந்த வாக்கியத்தை அன்றைக்கே நான் எழுதி வைத்திருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆறவிட்டதும் பிரேக் திரும்பி வந்தது. அப்புறம் மூன்று சுற்றுக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அன்றைய பொழுதை ஓட்டினோம்.

அவனுக்கு ஒரே ஆச்சரியம். "ஏலகிரி இறங்கியே பழகின பிரேக் மாமா இது" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ. நேர்பாதை முடிவில் 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70க்கு இறக்கினால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 680 கிலோஜூல். அதில் 70 சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வைத்துக்கொண்டால், முன் டிஸ்க் ஒன்றுக்குச் சுமார் 240. டிஸ்க் நாலரை கிலோ வார்ப்பிரும்பு. அத்தனை சூடும் அதிலேயே தங்கினால் ஒரே மிதியில் 110 டிகிரி ஏறும். ஊருக்குள் 60ல் போய் சிக்னலில் முழுதாக நிற்பதற்கு அதே டிஸ்க் 22 டிகிரிதான் ஏறுகிறது. டிராக்கில் அடுத்த வளைவு வருவதற்குள் ஆறுவதற்கு நேரமும் கிடையாது.

ஏலகிரியையும் விடவில்லை. மேலிருந்து அடிவாரம் வரை சுமார் 700 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி. அதே கார் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவருவது 7000 கிலோஜூலுக்குக் கொஞ்சம் குறைவு. டிராக்கில் மூன்று சுற்று அழுத்தி ஓட்டினால் என் கணக்கில் கிட்டத்தட்ட அவ்வளவு வந்துவிடும். மலையில் அதை அரை மணி நேரத்தில் பரப்பி, பாதியை இரண்டாவது கியரில் இன்ஜினிடம் கொடுத்துவிடுகிறோம். டிராக்கில் ஏழு நிமிடம், கிட்டத்தட்ட முழுவதும் பிரேக். ஏலகிரி இறங்கிய அனுபவம் இங்கே செல்லாது.

பேடைக் கழற்றிப் பார்த்தபோது முகம் கண்ணாடி மாதிரி மின்னியது. ஓரங்கள் சாம்பல் பூத்து, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தன. சாலை பேட்களில் உராய்வுப் பொருளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். 300, 350 டிகிரியைத் தாண்டினால் அது வெந்து வாயு விடும். அந்த வாயுவும் மெழுகிய முகமும் டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே வந்து உட்காரும்போது உராய்வு விழுந்துவிடுகிறது. பெடல் கெட்டியாகவே இருக்கும், ஏனென்றால் ஆயில் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. பேட் ஓரத்தில் 'எஃப்எஃப்' என்று அச்சிட்டிருந்தது. இரண்டு எழுத்தும் உராய்வு எண்ணைச் சொல்பவை. முதலாவது சாதாரணச் சூட்டில், இரண்டாவது கூடுதல் சூட்டில். 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை, 'ஈ' என்றால் 0.35க்குக் கீழே. மட்டமான பேட் இல்லை என்று தெரிந்துகொள்ள இது உதவும். ஐந்தாவது சுற்றில் என்ன ஆகும் என்று இந்த எழுத்து சொல்லாது.

ஆக முதல் கோளாறு பேட்தான். அதுவரை நாங்கள் நினைத்தது சரி. பிறகு செய்தது தப்பு.

இரண்டாம் முறை

கிடைத்ததிலேயே அதிகச் சூடு தாங்கும் ரேஸ் பேடை அவன் வரவழைத்தான். மாட்டியது நான். பழைய ஸ்க்ரூடிரைவரால், பேடைத் தள்ளும் பிஸ்டனை நெம்பி உள்ளே தள்ளினேன், பேடைச் செருகினேன், போல்ட்டை முறுக்கினேன், பெடலை நாலு தடவை அழுத்திப் பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடிந்தது. பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வியான காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின்னைக் கழற்றவில்லை. பிரேக் ஆயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரோடு வந்த ஆயில், நான்கு வருடமாக அதேதான்.

காட்பாடியில் முதல் வேகத்தடையிலேயே பேட் கத்தியது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போகட்டும். வாலாஜா டோல்கேட்டில் முன்னால் போன லாரி நின்றபோது இவன் மிதித்தான், கார் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது. ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது பிடிக்காது. அதன் கூட்டுப்பொருள் வேலை செய்யத் தொடங்குவதே நல்ல சூட்டில்தான். நெடுஞ்சாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் பிரேக்கே தொடாமல் வந்துவிட்டு, திடீரென்று தேவைப்படும் நேரத்தில் அது மரக்கட்டை. டோல்கேட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

டிராக்கில் முதல் சுற்றுகள் அருமை. நாற்றம் இல்லை, சுற்றுக்குச் சுற்று ஒரே பிடி. இரண்டாவது தடவை இறங்கியபோது நான்காவது சுற்றில் கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் மண்ணில் இறங்கி நின்றது. அடி ஒன்றும் இல்லை. பம்பருக்குள் கைப்பிடி மண், அவன் முகத்தில் ரத்தம் இல்லை. "பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு மாமா. ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணின பிறகுதான் கொஞ்சம் வந்துச்சு."

பிட்டில் அரை மணி நேரம் நின்றதும் பெடல் பழையபடி மேலே வந்துவிட்டது. இதில்தான் ஏமாந்து போவோம். ஆறினதும் எல்லாம் சரியான மாதிரி இருக்கும், ஆள் மறுபடியும் இறங்கிவிடுவான். நாங்கள் இறங்கவில்லை. அறுபதுக்கு மேல் போகாமல், இடது ஓரமாகவே வேலூர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பாயிடம் "பேட் மாத்தியும் பிரேக் போச்சு பாய்" என்று ஆரம்பித்தேன். அவர் டீயைக் கீழே வைக்காமல் கேட்டார்: "பெடல் கீழ போச்சா சார், இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா?"

முதல் தடவை கல், இரண்டாம் தடவை கீழே என்றேன். "அப்ப ரெண்டும் வேற வேற வியாதி. பேட் செத்தா கல்லு. ஆயில் கொதிச்சா பள்ளம்."

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் என்பது ஆயிலின் தர எண். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட் 4 புதிதாக 230, ஈரத்தில் 155. டாட் 5.1 என்றால் 260, 180. ஈரம் என்று இங்கே சொல்வது 3.7 சதவீதத் தண்ணீர்தான், அவ்வளவுக்கே இந்த இறக்கம். கொதித்தால் ஆவி, ஆவியை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. பெடல் ஆவியை அழுத்திக்கொண்டே தரைக்குப் போகிறது.

முதல் முறை இதே ஆயில் ஏன் கொதிக்கவில்லை? இதை யோசிக்கத்தான் எனக்கு நாளானது. அந்தச் சாலை பேட் 350 டிகிரி பக்கம் போனதும் கையை விரித்துவிட்டது. உராய்வு போனதும் சூடு உண்டாவதும் குறைந்தது, அவன் பயந்து உள்ளே வந்துவிட்டான். ஆயில் தப்பித்தது. ரேஸ் பேட் கையை விரிக்கவில்லை. சூடு ஏறிக்கொண்டே போய், பேடின் பின்தகடு வழியாக பிஸ்டனுக்கும் பிஸ்டனிலிருந்து ஆயிலுக்கும் இறங்கியது. உலோகத்தூள் அதிகமுள்ள பேட் சூட்டை இன்னும் சுலபமாகக் கடத்தும். வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று அந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பார்களே, நாங்கள் செய்தது அதுதான். பழைய பேட் நாற்றம் விட்டு, மெல்ல மெல்லப் பலம் குறைந்து, ஒரு சுற்று முன்பே சொல்லிவிட்டுத்தான் போனது. ஆயில் சொல்லாமல் போகிறது. பேடை மட்டும் உயர்த்தியதில் முன்னறிவிப்போடு வந்த கோளாறை முன்னறிவிப்பு இல்லாத கோளாறாக மாற்றியிருந்தோம்.

ஷெட்டில் கழற்றிப் பார்த்தது

ஆயில் கருப்பட்டிக் காபி நிறத்தில் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இடது முன் காலிப்பர். வெளிப் பேடைவிட உள் பேட் இரண்டரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தது. ஒரே நாள் டிராக்கில் இவ்வளவு வித்தியாசம். இந்தக் காரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். உள் பேட் டிஸ்க்கை அமுக்கியதும் காலிப்பர் ஸ்லைடு பின்னில் வழுக்கி நகர்ந்து வெளிப் பேடை இழுத்து அமுக்க வேண்டும். கீழ்ப் பின் இறுகிப்போய் நகரவே இல்லை. உள் பேட் தனியாக எல்லா வேலையும் செய்து, பெடலை விட்ட பிறகும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாய் பின்னை முறுக்கி முறுக்கி வெளியே எடுத்து ரப்பர் புஷ்ஷைக் காட்டினார். ஊறிய பட்டாணி மாதிரி உப்பியிருந்தது. முன்பு ஏதோ ஒரு சர்வீஸில் அதில் சாதாரண வீல் கிரீஸைப் பூசியிருக்கிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பும். பிரேக்குக்கென்றே சிலிகான் கிரீஸ் உண்டு, சின்ன ட்யூபில் வரும், ஒரு ட்யூப் பல கார்களுக்குக் காணும். நான் பேட் மாற்றிய அன்று பின்னைக் கழற்றியிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். முக்கால் மணி நேரத்தில் முடித்த பெருமை எனக்கு.

எந்த பேட்

மூன்றாம் முறைக்கு பேட் தேடியபோது கேள்வியை மாற்றிக்கொண்டோம். எது அதிகம் தாங்கும் என்பதை விட்டுவிட்டு, இந்தக் கார் ஒரு நாளில் எந்தச் சூட்டிலிருந்து எந்தச் சூடு வரை போகிறது என்று கேட்டோம். காலை ஐந்து மணிக்குக் குளிர்ந்த டிஸ்க்கோடு கிளம்பி, லாரிகளுக்கு நடுவே 100 கிலோமீட்டர் போக வேண்டும். சாலை டயரோடு, ஒரு தடவைக்கு ஐந்தாறு சுற்று ஓட்ட வேண்டும். அதே பேடோடு வீடு திரும்ப வேண்டும். அதற்குக் குளிரிலும் பிடித்து, 500 டிகிரி வரை சமமாக நிற்கிற நடுத்தர டிராக் பேட்தான் சரி. ஃபெரோடோவின் டிஎஸ்2500 இந்த வகைக்கு ஒரு உதாரணம். டிரெய்லரில் காரை ஏற்றிப் போய், வெட்டுக்கோடு இல்லாத ஸ்லிக் ரேஸ் டயர் மாட்டி ஓட்டுபவர்களின் பேட் நமக்கெதற்கு?

இன்னொன்று, உராய்வு எண் பெரிதாக இருந்தால் கார் சீக்கிரம் நிற்கும் என்று இவன் நம்பிக்கொண்டிருந்தான். காரை நிறுத்துவது டயர். சாலை பேடே குளிர்ந்த நிலையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை எழுப்பும் அளவு அழுத்துகிறது. அதற்கு மேல் பிடி இருந்து என்ன பயன்? டிராக் பேடுக்குக் கொடுக்கும் காசு பத்தாவது மிதியும் முதல் மிதி மாதிரியே இருப்பதற்காக. முன்னால் மட்டும் பிடியை மிக அதிகமாக்கினால், பின் டிரம் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். அதனாலும் நடுத்தரம் போதும்.

ஃபெரோடோ என்றதும் ஒரு கதை. அதைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் 1897ல் இங்கிலாந்தில் பிரேக் கட்டை செய்ய இறங்கினார். மலைச்சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளின் மரக்கட்டை பிரேக்கில் பழைய பூட்ஸ் தோலை அடித்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலையும் ஷூவையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது பிடித்துப்போனது.

மருமகன் துளை போட்ட டிஸ்க் கேட்டான். பாய் மறுத்துவிட்டார். டிஸ்க் என்பது சூட்டைத் தேக்கிவைக்கும் இரும்பு. அதில் துளை போட்டால் இரும்பு குறைகிறது, துளை ஓரத்திலிருந்து விரிசலும் ஓடுகிறது. அந்தக் காசில் சாதாரணப் புது டிஸ்க் ஒரு ஜோடி வாங்கினோம். சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிற மாவட்டத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வார்ப்பிரும்பைக் குறைவாகப் பேசலாமா? பழைய டிஸ்க்கில் ரேஸ் பேடின் படலம் ஒட்டியிருந்தது, வேறு கூட்டுப்பொருளை அதன்மேல் பழக்கினால் அதிர்வு வரலாம் என்பது இன்னொரு காரணம்.

மாட்டியது

இந்தத் தடவை பாய் செய்தார், நான் டார்ச் பிடித்தேன். ஒரு முழு மதியம் ஆனது, வேலூர் வெயிலில் தகர ஷெட்டுக்குள்.

ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கினார். வெறும் ஜாக்கியை நம்பி அவர் கை வைப்பதில்லை. காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டார், பிரேக் ஹோஸில் பாரம் விழவே கூடாது. பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பேட் விரலால் தள்ளினாலே வழுக்கும்வரை விடவில்லை. தூசியை ஊதாமல் பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைத்தார். புது புஷ், புது பின், சிலிகான் கிரீஸ் கொஞ்சமே கொஞ்சம்.

பிஸ்டனைத் தள்ளும்போது ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் நிப்பிளில் ட்யூபை மாட்டித் திறந்துவிட்டு, பழைய பேடை நடுவே வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக நேராக அழுத்தினார். காலிப்பரில் கிடக்கும் அழுக்கு ஆயில் வெளியே வந்துவிடும், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் திரும்பிப் போகாது. நான் ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் பிஸ்டன் ரப்பர் கிழியாதது அதிர்ஷ்டம்.

டிஸ்க்கை மாட்டும் முன் ஹப் முகத்திலிருந்த துருவையும் தேய்த்தார். அங்கே துளி துரு இருந்தாலும் டிஸ்க் தள்ளாடும். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சு கிளீனரில் போனது. போல்ட்டுகளுக்கு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச், அளவு அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து. இதில் கையளவு வேண்டாம், சின்ன ஸ்லைடு பின் போல்ட்டை முறித்துவிட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

ஆயிலுக்கு சீல் உடைக்காத டப்பா, டாட் 5.1. டாட் 5 என்று ஒன்றும் கடையில் இருக்கும். அது சிலிகான், டாட் 3, 4, 5.1 எதோடும் கலக்கக்கூடாது, எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். நான்கு சக்கரத்துப் பிரேக்கிலும் ஆயிலில் சிக்கிய ஏர் எடுத்து, தெளிந்த நிறம் வரும்வரை பழையதை வெளியேற்றினார். பெடலில் நான், நிப்பிளில் அவர், "அமுக்கு", "புடி", "விடு" என்று ஒரு மணி நேரம். பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் மட்கார்டு மேல் ஈரச்சாக்கு. கடைசியில் கார் அசைவதற்கு முன்பே பெடலைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்கினோம். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும்போது முதல் மிதி காலியாகத்தான் போகும், ஷெட் சுவர்களில் இருக்கும் பல பம்பர் தடங்களுக்கு அதுதான் காரணமாம்.

புது பேடைப் பழக்குவது தனி வேலை. 80லிருந்து 20க்கு, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டி, எட்டுப் பத்து தடவை, நடுவில் முழுதாக நிற்காமல். பேடின் மெல்லிய படலம் ஒன்று டிஸ்க் முழுக்கச் சமமாக ஒட்ட வேண்டும். சூடான பேடோடு நின்றால் அந்த இடத்தில் மட்டும் அச்சுப் பதியும், பிறகு ஸ்டீயரிங் ஆடும். இதை நெடுஞ்சாலையில் செய்ய இவன் துடித்தான். பின்னால் லோடு லாரி வரும் ரோட்டில் காரணமில்லாமல் பிரேக் அடிக்கிற வேலைக்கு நான் வரவில்லை என்றேன். டிராக்கில் முதல் தடவை இறங்கியதை முழுக்க அதற்கே கொடுத்தோம், பிறகு முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம்.

மூன்றாம் முறை

டோல்கேட்டில் கார் யோசிக்கவில்லை. டிராக்கில் ஒரு தடவைக்கு ஐந்து சுற்று, ஆறாவது சுற்று பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவைப்பது, பிட்டில் ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. காலிப்பரில் சூடு பட்டால் நிறம் மாறும் பட்டை ஒட்டியிருந்தோம். கையடக்க லேசர் தெர்மாமீட்டர் பளபளப்பான டிஸ்க்கில் குறைத்துக் காட்டும், அதை நம்பவில்லை. பட்டை நாள் முடிவில் 149 டிகிரிக் கட்டம் வரை கறுத்திருந்தது. பழைய ஆயிலாக இருந்தால் அங்கேயே விளிம்பு. பெடல் நாள் முழுக்க ஒரே உயரத்தில் இருந்தது. பத்தாவது தடவையில் லேசாக நாற்றம் வந்ததும் அவனே உள்ளே வந்துவிட்டான்.

ஞாயிறு மாலை ஷெட்டில் அளந்தோம். இடது உள் பேட் 8.6 மில்லிமீட்டர், வெளி 8.8. வலது இரண்டும் 8.8. பாதிக்குக் கீழே போனால் டிராக்குக்கு மாட்டுவதில்லை என்று முடிவு, பேட் மெலிய மெலிய பிஸ்டனுக்குப் போகும் சூடு கூடும். டிஸ்க்கில் தலைமுடி மாதிரி சூட்டுக் கோடுகள் தெரிகின்றன. நகம் மாட்டவில்லை என்பதால் இப்போதைக்கு விட்டிருக்கிறோம். ஆயில் மாற்றிய தேதியை பாய் மார்க்கரால் பானட்டின் உள்பக்கம் எழுதியிருக்கிறார். ரேஸ் பேட் ஜோடி அவன் அலமாரியில் கிடக்கிறது, வாங்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறான்.